குடலம்மாவின் முன்கை

பட்டப்பெயர் வைப்பதில் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மூன்றாம் மாடியில் செல் வளர்ப்பு அறையை ஆண்டுகொண்டிருந்த அந்த அம்மாளுக்கு முனைவர் பட்டம் இருந்தது, அச்சான கட்டுரைகள் இருந்தன, கதவில் பெயர்ப்பலகைகூட இருந்தது. இருந்தும் வாசல் காவலாளி முதல் துறைத்தலைவர் வரை எல்லோருக்கும் அவர் குடலம்மாதான். மனிதக் குடலின் உட்சுவர்ச் செல்களைத் தட்டுகளில் வளர்த்து ஆராய்வது அவர் தொழில். ஆரம்பத்தில் அந்தப் பெயருக்கு முகம் சுளித்தார். பிறகு பழகிப்போய், யாராவது மரியாதையாக "டாக்டர்" என்று கூப்பிட்டால் யாரைச் சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

அவருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்றை வாய் ஓயாமல் சொல்வார். மற்றொன்றை யாராவது சொன்னால், "சும்மா இருங்க" என்று கடிந்துகொண்டே முழுக்கக் கேட்பார்.

வாய் ஓயாமல் சொல்வது அவருடைய கண்டுபிடிப்பு. குடல் செல்லின்மேல் அழற்சியைத் தூண்டும் புரதம் ஒன்றைச் சில சொட்டுகள் விட்டால், அது உள்ளுக்குள் ஒரு நொதியைத் தயாரிக்கத் தொடங்கும். அந்த நொதி அளவோடு இருந்தால் புண் ஆறும். அளவு மீறினால் குடலே புண்ணாகும். மருந்தைக் குடித்து அதை அடக்குவது எல்லோருக்கும் தெரிந்த வழி. உடம்பு தானாக எப்படி அடக்குகிறது என்பது குடலம்மாவின் கேள்வி. பெண்களின் விவகாரம் என்று உலகம் ஓரமாக ஒதுக்கிவைத்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குடல் செல்லுக்குள் நுழைந்து, அங்கே தனக்கென்றே காத்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டால் நொதியின் உற்பத்தி படுத்துவிடுகிறது என்று அவர் பல வருட உழைப்பில் கண்டிருந்தார்.

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதிலிருந்தே மனைவியின் ஆராய்ச்சியைப் பற்றி விசாரிப்பவர். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ ஹார்மோன் நேரா போய் அந்த நொதியை நிறுத்திடுதா?"

"இல்லைங்க. அது ஏற்பியைப் பிடிக்கும். ஏற்பி போய் மரபணுகிட்ட, 'போதும், நிறுத்து'ன்னு சொல்லும்."

"அப்ப ரிலே."

"என்ன ரிலே?"

"லிஃப்ட்ல பட்டனை அமுக்கினா மோட்டார் நேரா ஓடாது. பட்டன் ரிலேவைத் தட்டும், ரிலே மோட்டாரைத் தட்டும். இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை வருஷம்?"

"உங்க ரிலே டப்பாவுக்குள்ள இருக்கு, மூடியைத் திறந்தா தெரியும். என் ரிலேவுக்கு மூடி எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கவே பாதி ஆயுசு போச்சு."

மறுநாளிலிருந்து அவர், போகிற கட்டடத்தில் எல்லாம் "என் சம்சாரம் குடலுக்கு ரிலே பாக்குறா" என்று சொல்லத் தொடங்கினார். கேட்டவர்கள் அவரைக் கொஞ்சம் பரிதாபத்தோடு பார்த்தார்கள்.

இரண்டாவது பெருமை, கைராசி. உறைபெட்டியிலிருந்து எடுத்த செல்களை உருக்கித் தட்டில் இறக்குவது தலைப்பிரசவம் மாதிரி. பிழைக்கும், பிழைக்காமலும் போகும். குடலம்மா கைபட்டால் பிழைத்துவிடும் என்பது அந்த மாடியின் ஐதீகம். நுரையீரல் ஆராய்ச்சிக்காரர்களும் கல்லீரல் ஆராய்ச்சிக்காரர்களும் கூச்சப்படாமல் செல்குப்பியோடு வந்து அவர் கதவில் நிற்பார்கள். எதையும் சான்றில்லாமல் நம்பக்கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்கள், அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் சான்று கேட்டதில்லை.

நியாயமாகச் சொன்னால் அது ராசி இல்லை, சுத்தம். அவர் அறையில் வாசனைப் பவுடர் போட்டவர்களுக்கு அனுமதி கிடையாது. செல்லுக்கு உணவாக ஊற்றும் திரவத்திலிருந்து, இயற்கையாக அதில் இருக்கும் ஹார்மோன்களைக் கரித்தூளால் உறிஞ்சி எடுத்துவிடுவார். அந்தத் திரவத்துக்கு இளஞ்சிவப்பு நிறம் தரும் சாயம்கூட ஈஸ்ட்ரோஜன் மாதிரி லேசாக வேஷம் போடக்கூடியது என்பதால் சாயம் இல்லாத திரவமாகத்தான் வாங்குவார். ஒரு விஷயத்தில் மட்டும் பழைய பழக்கம். திரவப் புட்டியைச் செல்லுக்கு ஊற்றுமுன், கையுறைக்கும் மடித்துவிட்ட சட்டைக்கும் நடுவே தெரியும் முன்கையில் வைத்துச் சூடு பார்ப்பார், குழந்தைக்குப் பால்புட்டி பார்ப்பதுபோல.

"தெர்மாமீட்டர் இருக்கேக்கா" என்று பக்கத்து மேசைக்காரி ஒருமுறை சொன்னாள்.

"தெர்மாமீட்டர் பொய் சொல்லும். தோல் சொல்லாது."

பக்கத்து மேசைக்காரிக்குத் தராசு என்று பெயர். முப்பது வயதைத் தாண்டியவள், கெட்டிக்காரி. "ஒரு பக்கம் பார்த்தா" என்று ஆரம்பித்து "இன்னொரு பக்கம் பார்த்தா" என்று முடிக்காமல் சாப்பிடப் போகலாமா என்ற கேள்விக்குக்கூடப் பதில் சொல்ல மாட்டாள்.

கண்டுபிடிப்பைக் கட்டுரையாக்கிக் குடலம்மா ஒரு நல்ல ஆய்விதழுக்கு அனுப்பினார். முதல் பெயர் அவருடையது, இரண்டாவது தராசுடையது, கடைசியில் துறைத்தலைவருடையது. ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் பாராட்டிவிட்டு ஒரு கொக்கி போட்டார்கள். அடங்கியது ஏற்பியின் வழியாகத்தான் என்பதற்கு என்ன உறுதி? ஏற்பியை அடைத்துவிடும் மருந்தைச் சேர்த்தால் நொதி மறுபடி எழுகிறதா? எல்லாவற்றையும் மறுபடி செய்து, அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

அந்தச் சமயம் பார்த்துச் செல் அறையின் ஏசி கெட்டுப்போனது. அதாவது, குடலம்மாவின் அபிப்பிராயத்தில் கெட்டுப்போனது. திடீர் திடீரென்று கழுத்திலிருந்து தீ ஏறும்; முகம் சிவந்து வியர்வை ஊற்றும். ஏசிக்காரரை வரவழைத்தார். அவர் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார். மறுபடி வரவழைத்தார். மறுபடியும் சரியாக இருந்தது. அடுத்தமுறை அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அந்த ஸ்வெட்டரைப் பார்த்தபிறகுதான் குடலம்மாவுக்கு உறைத்தது. ஈஸ்ட்ரோஜன் எந்த வயதில் குறையும், குறைந்தால் உடம்பு என்ன செய்யும் என்று கருத்தரங்குகளில் படம் போட்டு விளக்கியவர், அது தன் உடம்பிலும் குறையலாம் என்பதைமட்டும் யோசித்திருக்கவில்லை. மகளிர் மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் ஜெல் எழுதிக்கொடுத்தார். தினமும் காலையில் கைகளில் தடவினால் போதும். சில வாரங்களில் ஏசி தானாகச் சரியாகிவிட்டது.

ஏசி சரியாக ஆக, சோதனை கெட்டது.

தூண்டும் புரதம் விட்டு, ஹார்மோன் விடாத தட்டுகளில் நொதி பொங்கியிருக்க வேண்டும். நொதியின் அளவை ஃபிலிமில் பதிவெடுத்தால் அது கறுப்புப் பட்டையாக, கண்மை இழுத்ததுபோல் தடிப்பாக விழ வேண்டும். குடலம்மாவுக்கு விழுந்ததோ ஈரக்கையால் துடைத்த சிலேட்டு மாதிரி ஒரு மங்கல். ஹார்மோன் விட்ட தட்டும் மங்கல், விடாத தட்டும் மங்கல். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் ஹார்மோனுக்கு என்ன வேலை? தூண்டும் புரதத்தைப் புதிதாக வாங்கினார். செல்களைப் புதிதாக உருக்கினார். அப்போதும் மங்கல்தான்.

தராசு அதே செல்களை, அதே நாளில் தயாரித்த வேறு புட்டித் திரவத்தில் வைத்துச் செய்தாள். கன்னங்கரேலென்று பட்டை விழுந்தது.

துறைத்தலைவர் குடலம்மாவை அறைக்கு அழைத்தார். நல்ல மனிதர், கெட்ட செய்தியை ஜன்னலைப் பார்த்துத்தான் சொல்வார்.

"தராசுக்கு நல்லா வருது. மீதியையும் அவளே பண்ணட்டுமே மேடம். உங்க ஃபிலிமை எல்லாம் விட்டுடலாம்."

"விட்டுடறதுன்னா?"

"அனுப்ப வேண்டாம். யாரு கேக்கப் போறா? கைன்னா எப்பவும் ஒரே மாதிரியா இருக்கும்? உங்களுக்கும் ஓய்வு மாதிரி இருக்கும்."

"என் கை போயிடுச்சுன்னு சொல்றீங்க."

"அப்படிச் சொல்லலை."

"ஜன்னல்கிட்ட சொல்றீங்க, எனக்குக் காதுல விழுது. சார், எனக்கு வந்த தட்டை ஒளிச்சுவெச்சுட்டு அவளுக்கு வந்த தட்டை மட்டும் அனுப்பினா அதுக்குப் பேர் ஆராய்ச்சி இல்ல. விருந்தாளி வர்றாங்கன்னு அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில தள்ளுற வேலை. ஹார்மோன் இல்லாமயே என் தட்டுல நொதி அடங்குதுன்னா, ஒண்ணு நான் இத்தனை வருஷம் சொன்னது பொய், இல்ல அந்தத் தட்டுல என்னமோ இருக்கு. எதுன்னு தெரியாம என் பேரை முதல்ல போட்டுக்க மாட்டேன்."

"மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும்" என்றார் அவர். அதற்குமேல் ஜன்னலிலும் ஒன்றும் இல்லை.

மாடி முழுக்கச் செய்தி பரவியது. செல்குப்பியோடு வருகிறவர்கள் குறைந்தார்கள். கல்லீரல்காரர் ஒருவர் கதவுவரை வந்து, ஏதோ நினைவு வந்தவர்போல் திரும்பிப் போனார். குடலம்மா அதைக் கண்ணாடி வழியே பார்த்தார். பார்க்காததுபோல் இருப்பதற்கு அன்று அவருக்கு நிறையச் சிரமம் ஆயிற்று.

மறுநாள் காலை, வீட்டில் கண்ணாடி முன் நின்று ஜெல்லைத் தடவிக்கொண்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவர், ஜெல் டப்பாவுக்குள் இருந்த வழிமுறைத் தாளைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார். இயந்திரமோ மருந்தோ, தாள் என்று ஒன்று கூட வந்தால் அதை வரிவரியாகப் படிக்காமல் அவருக்குத் தொழில் ஓடாது.

"ஏம்மா, இதைத் தடவிக்கிட்டு அடுத்தவங்க மேல படக் கூடாதாம். தோல்ல பட்டா அவங்களுக்கும் போயிடுமாம்."

"சரி, தள்ளி உக்காருங்க."

"தள்ளித்தான் உக்கார்ந்திருக்கேன். இத்தனை நாள் சொல்லலையே நீ. என் மீசை கொட்டிப்போனா யாரு பதில் சொல்றது?"

"கொட்டினா மூஞ்சி பாக்க நல்லாத்தான் இருக்கும்."

"கையை சோப்பு போட்டுக் கழுவணுமாம். தடவின இடத்தைத் துணியால மூடிக்கணுமாம்..."

அவர் மேலும் படித்துக்கொண்டே போனார். நிமிர்ந்து பார்த்தால், மனைவி தன் முன்கையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வேறு யாருடைய கையோ தன் தோளில் முளைத்துவிட்டதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா ஆச்சு?"

"புட்டி" என்றார் குடலம்மா. "அய்யோ, புட்டிங்க!"

பஸ்ஸில் போகும்போது முழுதும் விளங்கிவிட்டது. ஜெல் தடவிய முன்கையில் புட்டியை வைக்கிறார். புட்டியைக் கையுறை பிடிக்கிறது. கையுறைமேல், கிருமி சாகட்டும் என்று ஆல்கஹால் அடித்துக்கொள்கிறார். கிருமி சாகிறது. ஈஸ்ட்ரோஜனோ ஆல்கஹாலில் சொகுசாகக் கரைந்து விரல் நுனிவரை பரவுகிறது. அந்த விரல்தான் ஒவ்வொரு தட்டின் மூடியையும் திறக்கிறது. செல்லுக்கு இந்த ஹார்மோன் கண்ணுக்குத் தெரிகிற அளவில் தேவையே இல்லை. வாசனை பட்டால் போதும். சாயத்தில் இருந்த எறும்பை விரட்டிவிட்டு, யானையைத் தானே கொல்லைப்புறமாகக் கூட்டிவந்திருக்கிறார்.

இன்னொருவராக இருந்தால் அன்றைக்கே சட்டையை இழுத்துவிட்டு, கையை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் சரியான ஃபிலிமை எடுத்து அனுப்பியிருப்பார். குடலம்மாவும் இரண்டு நிறுத்தம்வரை அதைத்தான் யோசித்தார். மூன்றாவது நிறுத்தத்தில் பெருமை விழித்துக்கொண்டது. சந்தேகத்தை நிரூபிக்காமல் விடுவது அவருக்குப் பல்லில் சிக்கிய நார் மாதிரி.

தராசைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். விஷயத்தைச் சொன்னார். தராசு வாயைத் திறந்து மூடினாள். எந்தப் பக்கமும் வரவில்லை.

"மூணு வகைத் தட்டு" என்றார் குடலம்மா. "மூணுலயும் தூண்டி உண்டு, ஹார்மோன் கிடையாது. மூணையும் நான்தான் தொடுவேன். ஒரு வகை, எப்பவும் போல. ரெண்டாவது, எப்பவும் போலத்தான், ஆனா ஏற்பியை அடைக்கிற மருந்து சேர்த்து. மூணாவது, சட்டையை மணிக்கட்டுல டேப் போட்டு ஒட்டி, ரெண்டு கையுறை போட்டுக்கிட்டு. நான் செஞ்சு முடிச்சதும் தட்டுமேல நீ உனக்குத் தெரிஞ்ச குறியைப் போட்டுக் கலைச்சுடு. ஃபிலிம் வர்ற வரைக்கும் எதுன்னு என்கிட்ட சொல்லாத. கெஞ்சினாலும் சொல்லாத."

"கெஞ்சுவீங்களாக்கா?"

"கெஞ்சுவேன். அதான் முன்னாடியே சொல்லி வெக்கிறேன்."

கெஞ்சவும் செய்தார். தராசு சொல்லவில்லை.

ஃபிலிம் கழுவும் இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் இருவரும் குனிந்து நின்றார்கள். திரவத்துக்குள் ஃபிலிம் மெல்ல முகம் காட்டியது. ஒரு வரிசை மங்கல். ஒரு வரிசை கறுப்பு. இன்னொரு வரிசையும் கறுப்பு.

"இப்ப சொல்லு."

தராசு தன் குறிகளை ஒப்பிட்டாள். "மங்கல், எப்பவும் போல செஞ்சது. இந்தக் கறுப்பு, டேப் ஒட்டிச் செஞ்சது. இது..." நிறுத்தினாள். "அக்கா, இது எப்பவும் போல செஞ்சு அடைப்பு மருந்து போட்டது."

குடலம்மா அந்தப் பட்டையையே பார்த்தார். வெட்கப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் வெட்கத்துக்கு முன்பே பெருமை வந்து நாற்காலியைப் பிடித்துவிட்டது.

"நொதிக்காரன் கத்துறான் பாரு" என்றார். "தொண்டை கிழியக் கத்துறான்."

"ஆமாக்கா."

"மதிப்பீட்டாளருங்க என்ன கேட்டாங்க? ஏற்பியை அடைச்சா நொதி எழும்புதான்னு தானே? எழுந்திருக்கு. அதுவும், இத்தனை நாளா எனக்கே தெரியாம விழுந்து நொதியை அடக்கின ஹார்மோன், ஏற்பியை அடைச்சதும் தோத்திருக்கு. நான் ஆசைப்பட்டுச் செஞ்ச சோதனைன்னா என் ஆசை கையில கலந்திருக்கும்னு சொல்லலாம். பழைய ஃபிலிமெல்லாம் ஆசைக்கு எதிரா வந்ததுதானே? அதுல என்னத்தைக் கலந்தேன்?"

"ஜெல்லைக் கலந்தீங்க" என்றாள் தராசு. இருட்டில் இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

துறைத்தலைவர் சிரிக்கவில்லை. திருத்திய கட்டுரையைப் படித்து முடித்ததும் அவர் பார்வை வழக்கமான ஜன்னலுக்குப் போயிற்று.

"'ஆய்வாளரின் முன்கையில் தடவிய ஈஸ்ட்ரோஜன் ஜெல்'... இதை இவ்வளவு விவரமா எழுதணுமா மேடம்? 'தோலில் பூசும் அழகுசாதனப் பொருள்'னு போட்டுட்டா என்ன?"

"அழகுக்குப் பூசலை சார், வேர்த்துச்சு, பூசினேன். அழகுசாதனம்னு எழுதினா படிக்கிறவ தன் கிரீமைத் தூக்கிப் போட்டுட்டு ஜெல்லோட செல் ரூமுக்குள்ள போவா."

"அது சரி. ஆனா இது... உங்க அந்தரங்கம்."

"மாதவிடாய் நிக்கிற வயசு சார் எனக்கு. சொல்லிட்டேன், கட்டடம் இடிஞ்சு விழலை. நீங்க இந்த ஹார்மோனைப் பத்தி மேடை மேடையா பேசுறீங்க. எந்த வயசுல குறையும்னு உங்க படத்துலயே கோடு போட்டுக் காட்டுறீங்க. படத்துல குறைஞ்சா அறிவியல், எனக்குக் குறைஞ்சா அந்தரங்கமா?"

துறைத்தலைவர் தராசைப் பார்த்தார், ஏதாவது ஒரு பக்கம் தனக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

"ஒரு பக்கம் பார்த்தா," என்றாள் தராசு, "அக்கா சொல்றது சரி." அவ்வளவுதான். மறுபக்கம் வரவே இல்லை. அவளை அறிந்தவர்களுக்கு அதுதான் அன்றைய அதிர்ச்சி.

வாரக் கூட்டத்தில் குடலம்மா எழுந்து நின்று மாடி முழுவதற்கும் அதைச் சொன்னார். ஃபிலிமைத் திரையில் போட்டு, சட்டையை மடித்து முன்கையையும் காட்டினார். "கொஞ்ச நாளா நான் உருக்கிக்கொடுத்த செல்லுக்கெல்லாம் என் ஜெல் கொஞ்சம் போயிருக்கும். உங்க முடிவு ஒத்துவரலைன்னா முதல்ல என்னைத் திட்டுங்க, அப்புறம் மறுபடி செய்யுங்க. புதுசா நானே உருக்கித் தர்றேன், டேப் ஒட்டிக்கிட்டு." பின்வரிசையில் இருந்த நுரையீரல்காரர் கைதூக்கினார். "அப்போ உங்க கைராசிக்குக் காரணம் இந்த ஜெல்தானா மேடம்?" "ஜெல் இந்த வருஷம் வந்தது" என்றார் குடலம்மா. "ராசி அதுக்கு முன்னாடியே இருந்தது. சும்மா இருங்க." ஆனால் உட்காரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மறுநாள் கல்லீரல்காரர் செல்குப்பியோடு வந்து, இந்தமுறை கதவைத் தட்டினார்.

டேப் ஒட்டிய கையோடு குடலம்மா எல்லாச் சோதனைகளையும் தானே திரும்பச் செய்தார். கட்டுரை மாசக் கடைசியில் போயிற்று. கெட்ட ஃபிலிமும் நல்ல ஃபிலிமும் அடுத்தடுத்து, அக்காள் தங்கைபோல் ஒரே பக்கத்தில் நின்றன.

மதிப்பீட்டாளர்களின் பதில் வந்தது. ஹார்மோனின் வேலை ஐயமறத் தெளிவாகிவிட்டது என்றார் ஒருவர். இன்னொருவர், வழக்கத்துக்கு மாறான சான்று, ஆனால் மறுக்க முடியாதது என்றார். சொல்லிவிட்டு விட்டாரா என்றால் இல்லை. ஒரு முன்கையிலிருந்து தட்டுக்கு எவ்வளவு ஹார்மோன் போகிறது என்று அளந்து சொன்னால் மற்ற ஆய்வகங்களுக்கு உதவும், ஒரு சிறு வேண்டுகோள்தான், என்று வாலில் சேர்த்திருந்தார். குடலம்மா அரைநாள் அவரைத் திட்டினார். மீதி அரைநாளில் அளக்கும் முறையை எழுதிவிட்டார்.

ஆனால் அளக்கப்போவது மனிதத் தோல். மனிதரை ஆராய்ச்சிக்கு உட்படுத்த நெறிக்குழுவின் அனுமதி வேண்டும். உட்படுகிறவரின் சம்மதமும் வேண்டும். அதற்குத் துறைத்தலைவரே கேள்விகளை வாய்விட்டுக் கேட்டுப் பதில் குறிக்க வேண்டும் என்பது விதி. தராசு பஞ்சும் குப்பிகளுமாகத் தயாராக நின்றாள். குடலம்மா சட்டையைத் தோள்வரை மடித்து, மேசைமேல் இரண்டு கைகளையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த மாடியில் இதுவரை எந்தக் கருவியையும் அவ்வளவு கம்பீரமாக யாரும் மேசையில் வைத்ததில்லை.

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். இந்தமுறை ஜன்னலைப் பார்க்கவில்லை, குடலம்மாவின் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"ஆய்வுக்கு உட்படுபவரின் அடையாளம் ரகசியமா வைக்கப்படணும்னு விதி. உங்க பேரை எப்படி மறைக்கிறது மேடம்?"

"கட்டுரையில முதல் பேரே என்னுதுதான்" என்றார் குடலம்மா. "அதுக்குக் கீழே, 'முன்கையும் இவருடையதே'ன்னு போட்டுடுங்க."